கச்சான் காத்துல தென்கடலுக்கா?

மதுரைக்காரர்களுக்குக் கடல் என்றால் ராமேஸ்வரம். ராமேஸ்வரம் என்றால் அக்னி தீர்த்தத்தில் ஒரு முங்கு, கோயிலுக்குள் 22 தீர்த்தம், ஈரத்துணியோடு வழுக்கி விழாமல் பிராகாரத்தைக் கடப்பது, வெளியே வந்து நாலு இட்லி, அப்புறம் மாட்டுத்தாவணி பஸ். கடலில் குளிக்கிறோமே தவிர கடலைப் பார்த்ததாக ஞாபகம் இல்லை. அதனால் நான் தனியாக ஒரு பையை மாட்டிக்கொண்டு கடற்கரை ஓரமாகவே ஒரு வாரம் போகப் போகிறேன் என்றதும் அம்மா கேட்டது இதைத்தான்: "ஒத்தையில போயி யாருக்குடி திதி குடுக்கப் போற?"

சிம்மக்கல் பக்கம் ஒரு அச்சகத்தில் கணக்கு எழுதுகிறேன். வயது 39. எங்களுக்கு ஆடி மாதம்தான் மூச்சுவிட நேரம், கல்யாணப் பத்திரிகை ஒன்றுகூட வராது, முதலாளியே லீவு எடுத்துக்கோம்மா என்பார். ஆகவே ஆடியில் கிளம்பினேன். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்று சின்ன வயதில் இருந்து கேட்டு வளர்ந்தவள்தான், ஆனால் அந்தப் பழமொழி எனக்குச் சேர்த்துத்தான் சொல்லியிருக்கிறார்கள் என்று தோன்றவே இல்லை. இந்தப் பயணத்தை நான் இரண்டு தடவை போனேன். முதல் தடவை தோற்றது, இரண்டாவது தடவை நடந்தது. இரண்டுக்கும் நடுவில் மாறியது என் தைரியமோ செலவோ இல்லை, காற்று.

முதல் தடவை 2025 ஆடி. காலை பாசஞ்சரில் ஏறினேன். பாம்பன் புதுப் பாலம் அந்த ஏப்ரலில்தான் திறந்திருந்தார்கள். 1914-இல் கட்டிய பழைய பாலத்தில் ரயிலை நிறுத்திய பிறகு இரண்டு வருஷத்துக்கு மேல் தீவுக்குள் ரயிலே கிடையாது, அதனால் மண்டபம் தாண்டியதும் பெட்டி முழுக்க ஜன்னலுக்கு அடிதடி. எனக்கு வாசல் பக்கம் நிற்க இடம் கிடைத்தது. வலது பக்கம் பார்த்தால் தண்ணீர் கறுத்துப்போய், வெள்ளை வெள்ளையாக நுரை கிளம்பி, அலை பாலத்துத் தூணில் வந்து மோதுகிறது. இடது பக்கம் பார்த்தால் அதே கடல் தாம்பாளத்தில் ஊற்றிவைத்த மாதிரி கிடக்கிறது. அழகாக இருக்கிறதே என்று இரண்டு பக்கமும் போட்டோ எடுத்தேன். ஏன் இப்படி இருக்கிறது என்று பக்கத்தில் நின்ற யாரையாவது ஒரு வார்த்தை கேட்டிருந்தால் மூன்று நாள் மிச்சமாகியிருக்கும்.

ராமேஸ்வரத்தில் முதல் அடி லாட்ஜில் விழுந்தது. "எத்தனை பேரு?" "ஒருத்தர்தான்." "தனி ஆளுக்கு ரூம் கிடையாதும்மா." ஒரு இடம் இல்லை, மூன்று இடத்தில் இதே பதில். பெண் என்பதால் என்று முதலில் நினைத்துக் கோபப்பட்டேன். பக்கத்தில் ஒரு பையனுக்கும் அதையேதான் சொன்னார்கள். கோயில் ஊர்களுக்குத் தனியாக வருகிறவர்கள் சில பேர் திரும்பிப் போக வருவதில்லை, அறைக்குள் ஏதாவது ஆகிவிட்டால் போலீஸ், கேஸ் என்று அலைய வேண்டும், அந்தப் பயம். பயத்தைத் தப்பு சொல்ல முடியாது, ஆனால் சாயங்காலம் ஆறு மணிக்குப் பதிமூன்று கிலோ பையோடு தெருவில் நிற்கிறவளுக்கு அது சமாதானமும் ஆகாது. நாலாவது இடத்தில் அம்மாவுக்குப் போன் போட்டு மேனேஜரிடம் கொடுத்துவிட்டேன். என்ன பேசினாள் என்று தெரியாது, ஐந்து நிமிஷம் அவர் "சரிங்கம்மா, சரிங்கம்மா" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். சாவி கிடைத்தது. மறுநாள் காலையில் அவரே "அம்மாவுக்குப் போன் பண்ணியாச்சா?" என்று விசாரித்தார்.

அதற்கப்புறம் நான் கடைப்பிடிக்கிறது இது: முன்கூட்டியே போன் செய்து, தனி ஆள், இத்தனை நாள், இன்ன வேலையில் இருக்கிறேன் என்று சொல்லிவிடுவது, நாலு மணிக்குள் போய்ச் சேர்வது, ஆதார் நகல் இரண்டு கையில் வைத்திருப்பது. அரசாங்கச் சுற்றுலா விடுதிகளில் இந்தக் கேள்வியே வந்ததில்லை. சின்ன ஊர்களில் லாட்ஜைத் தேடாமல் மளிகைக் கடையில் விசாரித்தால் வீட்டோடு சேர்ந்த அறை எங்கே இருக்கிறது என்று சொல்லிவிடுவார்கள், சாப்பாடும் அங்கேயே ஆகிவிடும்.

மறுநாள் குந்துகால், தீவின் தென்கரை. 1897 ஜனவரியில் கொழும்பில் இருந்து திரும்பி வந்த விவேகானந்தர் இறங்கிய இடம், மண்டபம் ஒன்று கட்டியிருக்கிறார்கள். அங்கிருந்துதான் வனத்துறை குருசடைத் தீவுக்குப் படகு விடுகிறது. ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் நடுவில் மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள், 1986-இல் இருந்து தேசியப் பூங்கா, நம் இஷ்டத்துக்குப் போய் இறங்க முடியாது. ஊரில் உட்கார்ந்து வரைபடத்தைப் பார்த்து நான் தினம் ஒரு தீவு என்று திட்டம் போட்டுவைத்திருந்தேன், அதை நினைத்தால் இப்போது சிரிப்பு வருகிறது. சரி, ஒரு தீவாவது பார்ப்போம் என்று போனால் கொடிக்கம்பத்தில் கயிறு சாட்டை மாதிரி அடித்துக்கொண்டிருக்கிறது, கண்ணைத் திறக்க முடியாமல் மணல். "காத்து இறங்குற வரைக்கும் போட்டு எடுக்க மாட்டோம்மா." எப்போது இறங்கும்? அவர் கடலைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். "புரட்டாசி ஆகும்."

அங்கேயே கரையில் உட்கார்ந்துவிட்டேன். பக்கத்தில் சின்னப்பாலத்துக்காரப் பெண்கள் நாலைந்து பேர் நிழலில் உட்கார்ந்து பழைய துணியை ரிப்பன் ரிப்பனாகக் கிழித்துக்கொண்டிருந்தார்கள். கடலுக்குள் முங்கிப் பாசி எடுக்கிறவர்கள். சேலைக்கு மேல் ஆம்பளைச் சட்டை, முகத்துக்குக் கண்ணாடி, இடுப்பில் கட்டி இழுத்துப் போகும் வலைப்பை, விரலுக்கு இந்தத் துணி. பாறையில் ஒட்டியிருக்கிற பாசியைப் பிய்க்கும்போது கை கிழியாமல் இருக்க ஒவ்வொரு விரலாகச் சுற்றிக்கொள்ள வேண்டுமாம். ஒரு அக்கா சுற்றிக் காட்டினார். சுண்டுவிரலில் தொடங்கி, பல்லால் ஒரு முனையைக் கடித்து, ஒரு இழுப்பு, ஒரு முடிச்சு. பத்து விரலுக்கும் ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. நான் ஒரு விரலுக்குச் சுற்றிப் பார்த்தேன், எழுந்து நிற்பதற்குள் அவிழ்ந்துவிட்டது. தினமும் இறங்க மாட்டார்களாம், அமாவாசை பௌர்ணமியை ஒட்டி நீர் வற்றுகிற நாள் பார்த்துத்தான். "மதுரையில இருந்து தீவு பாக்க வந்தேன்" என்றதும் அந்த அக்கா வாய்விட்டுச் சிரித்தார்.

"கச்சான் காத்துல தென்கடலுக்கா? உனக்கு யாரு தாயி சொன்னது? எந்திரிச்சு வடக்க போ. அங்க புள்ளத் தொட்டி கணக்கா கெடக்கும்."

நம்பிக்கை இல்லாமல்தான் போனேன். பாம்பன் ஊரைக் குறுக்கே கடந்து வடக்குக் கரைக்குப் போக ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. அங்கே தண்ணீர் அசையவே இல்லை. படகுகள் கட்டிய இடத்தில் அப்படியே நிற்கின்றன, முழங்கால் ஆழத்தில் நின்றால் நகத்தில் போட்ட மருதாணி தெரிகிறது. காற்று இங்கேயும் அடிக்கிறதுதான், ஆனால் கரையில் இருந்து கடலைப் பார்த்து அடிக்கிறது, அலையைத் தூக்க இடமில்லை. முதல் நாள் ரயிலில் இரண்டு பக்கமும் எடுத்த போட்டோவை அங்கே நின்று திரும்ப எடுத்துப் பார்த்தேன்.

விஷயம் இவ்வளவுதான். வைகாசியில் இருந்து புரட்டாசி வரை தென்மேற்கில் இருந்து கச்சான் அடிக்கும், அப்போது மன்னார் வளைகுடா, அதாவது தென்கடல், கொந்தளிக்கும், வடக்கே பாக் விரிகுடா, அதாவது வடகடல், அடங்கிக் கிடக்கும். ஐப்பசிக்கு மேல் வடகிழக்கில் இருந்து வாடை, அப்போது வடகடல் கொந்தளிக்கும், மழையும் புயலும் அந்தப் பக்கம்தான். தனுஷ்கோடியில் கேட்டால் வடக்கே பெண் கடல், தெற்கே ஆண் கடல் என்பார்கள். நான் போன ஆடியில் அது பொருந்தித்தான் இருந்தது, ஐப்பசியில் அந்தப் பெண் கடலிடம் போய் நின்று பார்த்தால் தெரியும். மழை முடிந்து தை பிறந்த பிறகு பங்குனி வரைக்கும் இரண்டு கடலும் கொஞ்சம் இறங்கி வருகிற காலம். தீவு, பவளப்பாறை, கண்ணாடிப் படகு என்று ஆசை இருப்பவர்கள் அப்போது போக வேண்டும். சித்திரை, வைகாசியில் தண்ணீர் சூடேறிவிடும், 2016 கோடையில் இந்தப் பக்கத்துப் பவளம் எக்கச்சக்கமாக வெளுத்துப்போனது. ஏப்ரல் 15-இல் இருந்து 61 நாள் மீன்பிடித் தடை வேறு, விசைப்படகு எல்லாம் கரையில் நிற்கும், நல்ல மீன் விலை கேட்டால் தலை சுற்றும்.

அந்தத் தடவை மிச்சம் இருந்த நாளில் தனுஷ்கோடி போனேன். டவுன் பஸ், பெண்களுக்கு டிக்கெட் இல்லை. 1964 டிசம்பர் 22 ராத்திரி வந்த புயலில் பாம்பனில் இருந்து வந்த ரயிலோடு சேர்த்து ஊரே போனது எல்லோருக்கும் தெரிந்த கதை, சர்ச்சுச் சுவரும் ஸ்டேஷன் இடிபாடும் நிற்கின்றன. அரிச்சல்முனை வரைக்கும் 2017-இல் போட்ட தார் ரோட்டில் ஆடிக் காற்று மணலைத் திரும்பவும் கொண்டுவந்து மூடிக்கொண்டே இருக்கிறது. முனையில் நின்றால் இடது காலுக்கு ஒரு கடல், வலது காலுக்கு ஒரு கடல். இறங்கிக் குளிக்காதீர்கள், நீரோட்டம் இழுத்துவிடும், அது எந்த மாதமானாலும். இன்னொன்று, போன் அங்கே திடீரென்று இலங்கை டவரைப் பிடித்துக்கொள்ளும். ரோமிங்கை முன்னாடியே அணைத்துவையுங்கள். பணமும் கையில் இருக்க வேண்டும், பொரித்த மீன் விற்கும் குடிசையில் க்யூஆர் அட்டை தொங்கும், சிக்னல் இருக்காது. நான் அந்த ஒரு துண்டு மீனுக்குக் கடன் சொல்லிவிட்டு, பஸ் டிரைவரிடம் காசு வாங்கிக் கொடுத்து, ராமேஸ்வரம் வந்து அவருக்குத் திருப்பினேன்.

நாலாம் நாள் வீடு. "என்னடி, ஏழு நாள்ன?" என்றாள் அம்மா.

இரண்டாவது தடவை மாசியில். "மாசியில முகூர்த்தத்த வச்சுக்கிட்டு லீவாம்மா?" என்று முதலாளி முகம் சுளித்தார், ஆறு ஞாயிற்றுக்கிழமை வந்து ஈடு செய்கிறேன் என்றேன். பை இந்தத் தடவை ஆறு கிலோ. ஜீன்ஸை எடுக்கவில்லை, உப்புத்தண்ணீர் பட்டால் இரண்டு நாள் காயாது, தொடையை அறுத்துவிடும். பருத்திச் சுடிதார் இரண்டு, நைட்டி, மதுரையில் எல்லாரும் தோளில் போடுகிற துண்டு (இதைவிட நல்ல சாமான் கிடையாது, துவட்டலாம், தலையில் கட்டலாம், பஸ் சீட்டில் போட்டு இடம் பிடிக்கலாம்), பின்னால் வார் வைத்த செருப்பு, ஊக்கு ஒரு அட்டை, துணியைக் காற்று கொண்டுபோகாமல் இருக்க. உப்புச் சர்க்கரைப் பாக்கெட் நாலு. டார்ச். அவ்வளவுதான்.

வழியையும் மாற்றினேன். தெற்கே திருச்செந்தூரில் தொடங்கிக் கடலோரமாக வடக்கே ஏறி வருவது. திருச்செந்தூரில் நாழிக்கிணறு, கடலுக்குப் பக்கத்திலேயே நல்ல தண்ணீர், பார்த்துவிட்டு மணப்பாடு. 1542-இல் சவேரியார் தங்கியதாகச் சொல்லும் குகை, மணல்மேட்டுக்கு மேலே சிலுவைக் கோயில். அந்த மேட்டில் சாயங்காலம் உட்கார்ந்தால் எழுந்து வர மனசு வராது, நானும் கடைசி பஸ்ஸை விட்டேன். கடலோர ஊர்களில் கடைசி பஸ் என்பது நாம் நினைக்கிற நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்னாடியே போய்விடும், இறங்கும்போதே டீக்கடையில் கேட்டுவைத்துக்கொள்வது நல்லது. தூத்துக்குடியில் உப்பளத்தில் பாத்தி மிதித்துக்கொண்டிருந்தார்கள், உப்பு எடுக்க இன்னும் நாள் இருந்தது. மக்ரூன் கால் கிலோ வாங்கினேன், வேம்பார் வருவதற்குள் பஸ்ஸிலேயே முடிந்தது. வேம்பாரில் பதநீர் இன்னும் இறக்கவில்லை, போன வருஷத்துக் கருப்பட்டிதான் இருக்கு என்று கடைக்காரரே உண்மையைச் சொன்னார்.

அந்தப் பக்கத்துத் தீவுகளில் இரண்டுக்கு நல்லதண்ணித் தீவு, உப்புத்தண்ணித் தீவு என்று பெயர். கடலில் போகிறவனுக்கு ஒரு தீவைப் பற்றித் தெரியவேண்டியது இதைத் தவிர வேறென்ன இருக்கிறது? ஒரு ஊரில், பெயர் வேண்டாம், ஒருவர் வந்து ரகசியமாக "தீவுல கொண்டுபோயி எறக்கி விடவாக்கா? ராத்திரி தங்கலாம்" என்றார். ஆசையாகத்தான் இருந்தது, பொய் சொல்லவில்லை. ஆனால் அது வனத்துறை கேஸ், நாம் அபராதம் கட்டிவிட்டு ஊருக்கு வந்துவிடுவோம், படகு அந்த மனுஷனுடையது. அதே மாதிரி கரையில் ஒதுங்கிக் கிடக்கிற பவளத் துண்டு. அழகாக இருக்கிறதே என்று பையில் போட்டுவிடாதீர்கள். 2001-இல் இருந்து பவளமும் கடல் அட்டையும் வனவிலங்குச் சட்டத்தில் புலி, யானை இருக்கிற அதே பட்டியலில் இருக்கின்றன.

ஏர்வாடிக்குப் பக்கத்தில் பிச்சைமூப்பன்வலசையில் கண்ணாடிப் படகு. அடியில் கண்ணாடி வழியாக மூளை மாதிரி மடிப்பு மடிப்பாகப் பவளம், நடுவில் கோடு போட்ட சின்ன மீன்கள். தனியாகப் போகிறவர்களுக்கு இங்கே ஒரு கஷ்டம், படகு நிறைய ஆள் சேர வேண்டும். நான் வார நாளில் போய் இரண்டு மணி நேரம் காத்திருந்தேன், அப்புறம் பரமக்குடியில் இருந்து ஒரு குடும்பம் வந்து, "வாங்கக்கா, எங்களோட ஏறிக்கங்க" என்று சேர்த்துக்கொண்டது, கூடவே எலுமிச்சை சாதமும் கொடுத்தது. சனி, ஞாயிறு போனால் இந்தக் காத்திருப்பு இல்லை, சாதமும் கிடைக்காது.

கீழக்கரையில் தொதல் வாங்கினேன். தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் போட்டு மணிக்கணக்காகக் கிண்டி இறக்குவது, கறுப்பாக, அல்வாவுக்கு அண்ணன் மாதிரி. அம்மாவுக்கு என்று ஒரு கிலோ வாங்கிப் பைக்கு அடியில் வைத்தேன். வெயிலில் எண்ணெய் கசிந்து, இருந்த ஒரே மாற்றுச் சுடிதாரில் இறங்கிவிட்டது. கடைசி நாள் வாங்குங்கள், கையில் தனியாகத் தூக்கி வாருங்கள்.

அப்புறம் திரும்பவும் குந்துகால். கொடிக்கம்பத்தில் கயிறு தொங்கிக்கொண்டிருந்தது, அசையவில்லை. பிளாஸ்டிக் பாட்டிலை வாங்கிவைத்துக்கொண்டார்கள். குருசடையில் இருந்தது கொஞ்ச நேரம்தான். அலையாத்தி மரங்கள், பழைய ஆராய்ச்சிக் கட்டிடம், கணுக்கால் தண்ணீரில் ஒரு நட்சத்திர மீன். அசையவே இல்லை என்று நினைத்தேன். குனிந்து பார்த்தபோது மணலில் அது வந்த தடம் ஒரு சாண் நீளத்துக்கு இருந்தது. கூட வந்த வனத்துறைத் தம்பி "தொடாதீங்கக்கா, பாருங்க" என்று சொல்லிவிட்டு அவரும் குனிந்து பார்த்துக்கொண்டே நின்றார். சின்னப்பாலத்து அக்காவைத் தேடினேன், கடலுக்குள் போயிருந்தார். பௌர்ணமி முடிந்து இரண்டாம் நாள், நான்தான் யோசித்திருக்க வேண்டும்.

செலவு எனக்கு ஏழு நாளுக்கு ஏழாயிரத்துக்குக் கொஞ்சம் கீழே. பாதி அறைக்குப் போனது. பயமாக இருந்ததா என்று எல்லோரும் கேட்கிறார்கள். இரண்டு ராத்திரி தூக்கம் சரியில்லை, கதவுக்குப் பின்னால் நாற்காலியைச் சாத்திவைத்தேன். மற்றபடி கடலோரத்தில் ஒரு பெண் தனியாக வந்தால் பத்துப் பேர் கேள்வி கேட்பார்கள், முதலில் எரிச்சலாக இருக்கும். ஆனால் அந்தக் கேள்வி கேட்டவர்கள்தான் பஸ் நேரத்தையும் சொன்னார்கள், காற்றையும் சொன்னார்கள்.

கடைசி நாள் ராமநாதபுரத்தில் இருந்து ஆற்றங்கரைக்குப் போனேன். எங்கள் வைகை கடலில் சேருகிற இடம் அதுதான். பக்கத்தில் அழகன்குளம், ரோமாபுரிக் காசும் பானையோடும் கிடைத்த பழைய துறைமுகம். மதுரையில் அச்சகத்துக்குப் போகும்போதும் வரும்போதும் தினம் பாலத்தில் கடக்கிற ஆறு எங்கே போய் முடிகிறது என்று 39 வருஷமாகப் பார்த்ததில்லை. முகத்துவாரத்தில் ஒரு பெரியவர் வலை வீசிக்கொண்டிருந்தார். நான் தண்ணீரில் இறங்கியதும் சத்தம் போட்டார். "காலத் தூக்கி வைக்காத, இழுத்து இழுத்து நட. மணலுக்குள்ள திருக்கை படுத்துருக்கும், மிதிச்சா கொட்டிரும். காலு வர்றது தெரிஞ்சா அதுவே ஓடிரும்." அப்படியே இழுத்து இழுத்து அவர் பக்கத்தில் போய் நின்றேன்.

"எந்த ஊரு?"

"மதுரைங்கய்யா."

வலையை உதறிக்கொண்டே ஏற இறங்கப் பார்த்தார். "நல்லதாப் போச்சு. போனதும் கொஞ்சம் தண்ணி தொறந்து விடச் சொல்லு."